கடல் கடந்து வரும் பணம்

(வாலாஜாபாத் ஒன்றியத்தைச் சேர்ந்த தென்னேரியில், நெசவாளரும் உழவரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



கிராம முன்னேற்றம் பற்றிப் பேச வருவோர் ஏரி, சாலை, பள்ளி, தறி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இளந்திரையன் பெயரோடு இயைத்துச் சொல்லப்படும் பேரேரியைக் கண்முன் வைத்துக்கொண்டு வாழும் உங்களுக்கு ஏரியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. ஏரிக்கு நீர் வரும் கால்வாயைக் காப்பது போலவே காக்க வேண்டிய வேறொரு வரத்துக் கால் பல ஊர்களில் உண்டு. வெளிநாடு சென்ற மக்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் வரும் வழியே அது. அதைப் பற்றிப் பேசவே இன்று வந்தோம்.

2024ஆம் ஆண்டில் உலகெங்கிலுமிருந்து இந்தியாவுக்கு வந்த இத்தகைய பணம் ஏறக்குறைய 129 பில்லியன் டாலர் என உலக வங்கி மதிப்பிட்டது. வேறெந்த நாட்டுக்கும் இவ்வளவு வரவில்லை. 2023-24ஆம் ஆண்டைப் பற்றி ரிசர்வ் வங்கி நடத்திய ஆய்வின்படி, இந்தியாவுக்கு வந்ததில் 10.4 விழுக்காடு தமிழ்நாட்டுக்கு வந்தது. மகாராட்டிரமும் கேரளமும் மட்டுமே நமக்கு முன் நிற்கின்றன. இப்பெருந்தொகை பெரும்பாலும் சிறு சிறு தொகைகளாகவே வருகின்றது. குவைத்தில் வண்டி ஓட்டுபவரும், சிங்கப்பூரில் கட்டட வேலை செய்பவரும், அமெரிக்காவில் கணினிப் பணி பார்ப்பவரும் மாதந்தோறும் ஒதுக்கி அனுப்புவதன் கூட்டுத்தொகையே இது.

இது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பர்மாவிலும், மலேயாவிலும், இலங்கைத் தோட்டங்களிலும் உழைத்தவர்கள் அஞ்சலக மணியார்டர் மூலமும், நகரத்தார் உண்டியல் மூலமும் ஊருக்குப் பணம் அனுப்பினர். 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் கதவு திறந்தது. கடல் கடந்த தமிழரின் பணப் போக்குவரத்து அக்காலத்திலேயே எத்துணைப் பெரிதாயிருந்தது என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

அவசரத்திற்குத் தந்தி மூலம் பணம் மாற்றுவதும் அந்நாளில் இருந்தது. பணம் கட்டியதை ஒரு வங்கி மற்றொரு வங்கிக்குத் தந்தியில் சொல்லும். செய்தி கிடைத்ததும் இங்கே பணம் கொடுக்கப்படும். இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது. ஆயினும் வங்கிகள் வெளியிடும் நாணய மாற்று விலைப் பட்டியலில் "டி.டி. வாங்கும் விலை" என்ற சொல் இன்றும் இருக்கிறது. அந்த "டி.டி." தந்தி மாற்றையே குறிக்கும். தந்தி போய்விட்டது, விலை நிற்கிறது.

இன்று தந்திக்குப் பதிலாக ஸ்விப்ட் என்னும் செய்தி வலை உள்ளது. பல நாட்டு வங்கிகள் கூடி 1973இல் பெல்ஜியத்தில் நிறுவிய இக்கூட்டமைப்பு 1977 முதல் இயங்கி வருகிறது. இங்கே ஒன்றை நன்றாக உணர்ந்துகொள்ள வேண்டும். இவ்வலையில் பணம் பயணம் செய்வதில்லை. செய்திதான் பயணம் செய்கிறது. உங்கள் வங்கி நியூயார்க்கிலோ துபாயிலோ உள்ள ஒரு வங்கியில் தன் பெயரில் கணக்கு வைத்திருக்கும். மகன் கட்டிய டாலர் அக்கணக்கில் சேரும். செய்தி இங்கு வந்து சேர்ந்ததும், உங்கள் வங்கி அதற்கு ஈடான ரூபாயை உங்கள் கணக்கில் வரவு வைக்கும். இரண்டு வங்கிகளுக்கும் நேர்த் தொடர்பு இல்லையாயின் நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் நிற்கும். மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியே கீழேரிக்கு நீர் வருவதைப் பார்த்திருக்கும் உங்களுக்கு, நடுவில் நிற்கும் ஒவ்வோர் ஏரியும் சிறிது நீரை நிறுத்திக்கொள்ளும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செய்திதான் வருகிறது என்றால், செய்தியில் பிழை இருந்தால் பணம் நின்றுவிடும் என்பது விளங்கும். தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு தொல்லை இங்குதான் பிறக்கிறது. அது நம் பெயர் பற்றியது.

நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டு, நம் பெயரைப் பின்னால் எழுதுகிறோம். வெளிநாட்டுப் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டுகிறது. குப்புசாமியின் மகன் ஆறுமுகம் என்பவரை எடுத்துக்கொள்வோம். வங்கிப் புத்தகத்தில் அவர் "கு. ஆறுமுகம்". ஆதாரில் "ஆறுமுகம் கு". கடவுச்சீட்டில் "ஆறுமுகம் குப்புசாமி". மகன் அங்கே படிவத்தை நிரப்பும்போது "குப்புசாமி ஆறுமுகம்" என்று எழுதிவிடுகிறான். நான்கும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும். சென்னையிலோ மும்பையிலோ அமர்ந்து செய்தியைச் சரிபார்க்கும் அலுவலருக்குத் தெரியாது. அவர் ஐயுற்றுப் பணத்தை நிறுத்தி வைப்பார், விளக்கம் கேட்பார், விளக்கம் வராவிட்டால் திருப்பி அனுப்புவார். திரும்பிய பணம் முழுமையாகத் திரும்புவதில்லை. வழிக் கட்டணம் கழிந்தே திரும்பும்.

மகளிர் நிலை இன்னும் சிக்கலானது. திருமணத்திற்கு முன் தந்தையின் முதலெழுத்தோடு தொடங்கிய கணக்கு அப்படியே இருக்கும். ஆதாரில் கணவரின் முதலெழுத்து ஏறியிருக்கும். கணவர் குவைத்திலிருந்து அனுப்பும் பணம் மனைவியின் கணக்கில் ஏறாமல் நிற்பதற்கு இந்த ஒற்றை எழுத்தே காரணமாக அமைவதுண்டு. ஆதலால் ஒன்று செய்யுங்கள். வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டுள்ள பெயர் எப்படியோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி பார்த்து மகனுக்கு அனுப்புங்கள். வாயால் சொல்லாதீர்கள், அந்தப் பக்கத்தைப் படமெடுத்தே அனுப்புங்கள். பெயர் ஆவணத்துக்கு ஆவணம் மாறியிருந்தால், பணம் வரும் முன்பே வங்கியில் விண்ணப்பித்து ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

அத்துடன் கணக்கு எண், வங்கிப் பெயர், கிளை, ஐ.எப்.எஸ்.சி. எண், ஸ்விப்ட் எண் ஆகியவையும் வேண்டும். பின்னிரண்டையும் பலர் ஒன்றெனக் கொள்கின்றனர். ஐ.எப்.எஸ்.சி. உள்நாட்டுக்கு உரியது, 11 எழுத்தும் எண்ணுமாக, ஐந்தாமிடத்தில் பூச்சியம் கொண்டிருக்கும். ஸ்விப்ட் எண் வெளிநாட்டுச் செய்திக்கு உரியது. 8 அல்லது 11 எழுத்துக் கொண்டது. கிராமக் கிளைகள் பலவற்றுக்குத் தனி ஸ்விப்ட் எண் இராது. அந்த வங்கியின் அயல்நாட்டுச் செலாவணிக் கிளை எதுவோ அதன் எண்ணைத் தருவார்கள். கேட்டுப் பெற வேண்டும். சில நாட்டுப் படிவங்கள் "ஐபான்" என்று ஓர் எண் கேட்கும். இந்தியாவில் அம்முறை இல்லை. ஆகவே, இல்லாத எண்ணைத் தேடி அலைய வேண்டாம்.

கணக்கின் வகையையும் பார்க்க வேண்டும். முழுமையான அடையாளச் சான்று இன்றிப் புகைப்படமும் கையெழுத்தும் மட்டும் கொடுத்துத் திறந்த "சிறு கணக்கு" சிலரிடம் இருக்கலாம். அதில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரவு வைக்க இயலாது. அடையாளம் முழுமையாக உறுதிப்படும் வரை வெளிநாட்டுப் பணத்தை அதில் ஏற்கவே கூடாதென்பது விதி. இரண்டாண்டுக்கு மேல் போடுவதும் எடுப்பதுமின்றிக் கிடக்கும் கணக்கும் செயலற்றதாகிவிடும். வெளிநாடு சென்ற மகனும் உள்ளூரில் இருந்தபோது திறந்த சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கலாகாது; வெளிநாட்டில் குடியிருப்போருக்கான கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கணக்கு யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதிலும் நமக்கு ஒரு கருத்து உண்டு. கணவர் அனுப்பும் பணம் மாமனார் கணக்கில் விழுந்து, தறியில் அமர்ந்து வீட்டை நடத்தும் மருமகள் காய்கறிக்குக் கை நீட்டி நிற்கும் நிலை நல்லதன்று. பெரியவர்கள் இதைக் குறையாகக் கொள்ள வேண்டாம். வீட்டுச் செலவுக்கு வரும் பணம் வீட்டுச் செலவு செய்பவர் கணக்கில் வருவதே முறை.

இனி, வழியில் கழிவது பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தையில் டாலர் விலை 85 ரூபாய் என வைத்துக்கொள்வோம். மகன் 500 டாலர் அனுப்பினால் 42,500 ரூபாய் வர வேண்டும். நடுவில் நின்ற வங்கி 20 டாலர் எடுத்துக்கொண்டது என்போம். 480 டாலர் வந்தது. உங்கள் வங்கி டாலரை 85க்கு வாங்காது. 83 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறது என்போம். கிடைப்பது 40,080 ரூபாய். நாணயம் மாற்றியதற்குச் சரக்கு சேவை வரி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் நூற்றுக்கு ஒன்றைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு, அம்மதிப்புக்கு 18 விழுக்காடு. இங்கே ஏறக்குறைய 72 ரூபாய். ஆக, 2,500 ரூபாய் அளவு வழியிலேயே கரைந்தது. இவை எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட எண்களே. ஆயினும் உலகம் முழுதும் இவ்வாறு கழிவது சராசரியாக நூற்றுக்கு ஆறுக்கும் சற்று மேல் என உலக வங்கியின் கணக்குகள் காட்டுகின்றன. 2030க்குள் இதை மூன்றுக்கும் கீழே கொணர வேண்டுமென ஐக்கிய நாடுகள் குறிக்கோள் வைத்துள்ளது.

இக்கணக்கில் பணம் எங்கே போயிற்று என்று பாருங்கள். 20 டாலர் கட்டணம் கண்ணுக்குத் தெரிந்தது. டாலருக்கு ஒன்றரை ரூபாய் குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. அதில் போனது 720 ரூபாய். "கட்டணமே இல்லை" என்று விளம்பரம் செய்வோர் பலர் விலையில்தான் தம் ஊதியத்தை எடுத்துக்கொள்கின்றனர். எனவே அனுப்புபவர் கேட்க வேண்டிய கேள்வி "கட்டணம் எவ்வளவு?" என்பதன்று, "என் தாயார் கணக்கில் முடிவாக எத்தனை ரூபாய் விழும்?" என்பதே. நடுவழிக் கட்டணத்தை அனுப்புவோர் ஏற்பதா, பெறுவோர் ஏற்பதா, பகிர்ந்துகொள்வதா என்று படிவத்தில் குறிக்கவும் இடமுண்டு.

சிங்கப்பூரில் உள்ளோருக்கு வேறு வழியும் திறந்திருக்கிறது. 2023 பிப்ரவரி 21 அன்று நம் யு.பி.ஐ. முறையும் சிங்கப்பூரின் பேநவ் முறையும் இணைக்கப்பட்டன. நாளொன்றுக்கு 1,000 வெள்ளி வரை அதன் வழியே கைப்பேசியிலிருந்து அனுப்பலாம். தொடக்கத்திலேயே பணம் பெறும் வங்கிகளாகச் சேர்ந்தவற்றில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு.

வங்கிக் கணக்கின்றி, முகவர் கடையில் குறியெண்ணைச் சொல்லிப் பணம் பெறும் முறையும் ரிசர்வ் வங்கி இசைவோடு நடப்பதே. ஒரு முறைக்கு 2,500 டாலர், ஆண்டுக்கு 30 முறை என்பது அதன் எல்லை. ரொக்கமாக 50,000 ரூபாய் வரையே தருவர். குடும்பச் செலவுக்கு மட்டுமே இவ்வழி. வணிகத்துக்கோ, நிலம் வாங்கவோ, அறநிலையங்களுக்கு நன்கொடை தரவோ இதைப் பயன்படுத்தலாகாது.

இசைவற்ற வழி ஒன்றும் உண்டு. அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. அங்கே ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தால், இங்கே முன்பின் அறியாத ஒருவர் வண்டியில் வந்து ரூபாயைக் கொடுத்துப் போகிறார். இதற்கும் "உண்டியல்" என்றே பெயர் வழங்குகிறது. நகரத்தார் எழுதிய உண்டியல் கையெழுத்திட்ட தாள். வழக்கு மன்றமும் ஏற்ற ஆவணம். இது தாளே இல்லாதது; பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. விலை கூடத் தருகிறார்கள், வீட்டுக்கே வருகிறது என்று மக்கள் இதை நாடுகின்றனர். ஆனால் 2000 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி இது குற்றம். வாங்கியவருக்கும் தொகையின் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். தண்டம் ஒருபுறமிருக்க, பத்தாண்டு உழைப்பு இவ்வழியில் வந்த குடும்பத்தார் ஒரு மனை வாங்கப் பதிவாளர் அலுவலகம் செல்லும்போதும், வீட்டுக் கடனுக்கு வங்கி செல்லும்போதும், "பணம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்விக்குக் காட்ட ஒரு வரி எழுத்தும் இராது. வங்கி வழியே வந்த பணத்துக்கு வங்கிப் புத்தகமே சாட்சி.

வருமான வரி பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். கணவர், மகன், மகள், உடன்பிறந்தார், தாய் தந்தையரின் உடன்பிறந்தார் போன்றோர் தரும் கொடைக்குப் பெறுபவர் வரி கட்ட வேண்டியதில்லை, தொகைக்கும் வரம்பில்லை. உறவினர் அல்லாதார் தருவது ஓராண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுதும் வருமானத்தில் சேரும். இங்கே சட்டத்துக்கும் நம் வழக்கத்துக்கும் ஓரிடத்தில் ஒத்துவரவில்லை. சித்தப்பா மகனை நாம் தம்பி என்றே சொல்கிறோம். சட்டம் அவரை உறவினர் பட்டியலில் சேர்க்கவில்லை.

பட்டுச் சேலை விற்பவர்களுக்குத் தனியே ஒரு சொல். காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. வெளிநாட்டுத் தமிழர் நேரடியாக நெசவாளரிடமே வாங்க விரும்புவது வளர்ந்துள்ளது. கூலிக்கு நெய்பவருக்குத் தாம் நெய்த சேலை சொந்தமில்லை என்பதால் இது எல்லாருக்கும் பொருந்தாது. சொந்தப் பாவில் நெய்பவருக்கும், சிறு குழுவாகச் சேர்ந்த மகளிருக்கும் பொருந்தும். டொராண்டோவிலிருந்து ஒருவர் சேலைக்கு விலை அனுப்புகிறார். வங்கி "என்ன நோக்கம்?" என்று கேட்கும். தொல்லை வேண்டாமென்று "குடும்பச் செலவு" எனச் சொல்லிவிடுகின்றனர். குடும்பச் செலவுக்கு உரிய நோக்கக் குறியீடு பி 1301. சேலை விலை அந்தக் கட்டத்தில் சேராது. அது ஏற்றுமதி வருவாய். வெளிநாட்டு வாணிப இயக்குநரகம் தரும் ஏற்றுமதிக் குறியெண்ணைப் பெற்று, தொழிலுக்கென நடப்புக் கணக்குத் தொடங்கி, அதில் பெறுவதே ஒழுங்கு. பொட்டலம் அனுப்ப, 2022 முதல் அஞ்சல் துறை திறந்துவரும் ஏற்றுமதி மையங்கள் உதவுகின்றன. வங்கியிடம் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். நாளை கடன் கேட்கும்போது "எனக்கு வெளிநாட்டு வாணிபம் உண்டு" என்பதை உங்கள் வாய் சொல்ல வேண்டியதில்லை; அத்தாள் சொல்லும்.

கோயில் உள்ள ஊரில் மற்றொன்றும் சொல்லாமல் போகலாகாது. திருப்பணி, குடமுழுக்கு என்றவுடன் வெளிநாட்டில் உள்ள ஊர்க்காரர்கள் மனமுவந்து அனுப்ப முன்வருவர். அனுப்புபவர் இந்தியக் குடிமகனாக இருந்து, தம் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியே அனுப்பினால் தடையில்லை. அவர் சிங்கப்பூர்க் குடியுரிமையோ அமெரிக்கக் குடியுரிமையோ பெற்றுவிட்டவரானால், இந்த ஊரிலேயே பிறந்தவராயினும், அவர் தருவது 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற அறக்கட்டளையோ சங்கமோ உள்துறை அமைச்சகத்தில் பதிவு அல்லது முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். 2020இல் செய்த திருத்தத்தின்படி, பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் அது முதலில் வந்து சேர வேண்டும். திருப்பணிக் குழுச் செயலாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கில் போடச் சொல்வது அவரை இக்கட்டில் தள்ளுவதாகும். நன்மை செய்ய வந்தவர்கள் விசாரணைக்கு அலைவதை எந்த ஊரும் விரும்பாது.

இளைஞர்களே, உங்கள் கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள் வருவார்கள். "வெளிநாட்டிலிருந்து ஒரு தொகை வரும், எடுத்துக் கொடுத்தால் நூற்றுக்குப் பத்து" என்பார்கள். வருவது பெரும்பாலும் எங்கோ ஏமாற்றப்பட்டவரின் பணம். காவல் துறை தேடி வருவது கணக்குக்கு உரியவரின் வீட்டுக்கே. பரிசு வந்திருக்கிறது, சுங்கம் கட்டினால் விடுவிப்போம் என்று தொலைபேசியில் சொல்வதும் இவ்வகையே. பணம் பெறுவதற்கு ஓ.டி.பி. எண்ணோ, இரகசிய எண்ணோ எவரிடமும் சொல்லத் தேவையில்லை. ஏமாந்துவிட்டதாக உணர்ந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். நாணி ஒரு நாள் தாமதித்தால் பணம் பல கை மாறிவிடும்.

அனுப்பியதாகச் சொன்ன பணம் ஐந்தாறு நாளாகியும் வராவிட்டால், வங்கியில் வெறுங்கையோடு நிற்க வேண்டாம். அனுப்பிய வங்கி தந்த செய்தியின் நகலை மகனிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 36 எழுத்தும் கோடுமாக ஒரு தடக்குறியெண் இருக்கும். அதை வைத்துப் பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று கண்டறியலாம். எழுத்து மூலம் முறையிட்டு 30 நாளுக்குள் தக்க விடை வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வங்கிப் புத்தகத்தோடு வந்திருப்பவர்கள் அருகே வந்தால், முதற்பக்கத்தில் உள்ள பெயரை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தருகிறோம். ஐயங்கள் இருந்தால் கேட்கலாம். முதலில் தாய்மார்கள் கேட்கட்டும்.